தாசில்தார் விழுங்கிய மூக்குத்தி

கொட்டாரத்தில் பேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் சுயம்பு அண்ணாச்சியிடம் ஒரு சேவல் இருந்தது. பெயர் தாசில்தார். நெஞ்சை நிமிர்த்தி நடப்பான், யாரையும் ஏறிட்டுப் பார்க்க மாட்டான், நீட்டுகிற கையில் எது இருந்தாலும் வாங்கி உள்ளே தள்ளிவிடுவான். வேறு என்ன பெயர்தான் வைப்பது, நீங்களே சொல்லுங்கள் மக்களே.

காலையில் அண்ணாச்சி கடைக்குக் கிளம்பினால், ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் தாசில்தார் ஏறி நிற்பான். கடை வரும்வரை அசைய மாட்டான். கடையில் வளையல் அடுக்குக்குக் கீழே அவனுக்கு ஒரு இடம் உண்டு. சிந்துகிற பாசிமணி, கம்மலிலிருந்து தெறிக்கிற கல், ஜிகினாத் துணுக்கு எல்லாம் அவன் கணக்கில் போய்ச் சேரும்.

“ஒரு நாளு கடையவே முழுங்கிருவான் பாரும்” என்பார்கள் கடைக்கு வருகிறவர்கள்.

“முழுங்கட்டும். எப்படியும் யாவாரம் இல்ல” என்பார் அண்ணாச்சி.

இப்படிச் செல்லமாக வளர்ந்த சேவலை வருகிற செவ்வாய்க்கிழமை மத்தியானம் அறுக்கப் போகிறார்கள். அதில்தான் அண்ணாச்சிக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

போன வருடம் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, ரத்தக் குழாயில் ஒரு சின்ன வலைக்குழாயைச் செருகினார்கள். அந்த அறைக் கதவுக்கு வெளியே நின்று அவர் மனைவி பகவதி, ஊரிலுள்ள புளியமூட்டு இசக்கியம்மனை நினைத்து, “இந்த மனுசன் நடந்து வீட்டுக்கு வரட்டும் தாயே, உனக்கு ஒரு சேவல் தாறேன்” என்று நேர்ந்துகொண்டாள். மனுசன் நடந்து வந்தார். நடந்து வந்ததோடு, வழியில் டீக்கடையில் ஏறி ஒரு பழம்பொரியும் தின்றுவிட்டு வந்தார். மறு வாரமே கருங்கல் சந்தையில் பொறுக்கியெடுத்த குஞ்சு ஒன்று வீட்டுக்கு வந்தது. காலில் மஞ்சள் கயிறு கட்டி அம்மனுக்கு நேர்ந்து விட்டாள் பகவதி.

நேர்ந்து விட்ட கோழிக்குச் சில சட்டங்கள் உண்டு. அதை வீட்டில் அறுக்கக் கூடாது. விற்கக் கூடாது. உடம்பில் ஒரு குறையும் வராமல் வளர்த்து, கொடைத் திருவிழா அன்று அம்மன் நடையில் கொடுத்துவிட வேண்டும்.

அண்ணாச்சியோ அய்யாவழிக்காரர். உயிர்ப்பலி கூடாது என்பது அந்த வழியின் முதல் பாடம். வீட்டில் கிழக்கு அறையில் அவர் சாமியாகக் கும்பிடுகிற நிலைக்கண்ணாடியும் இரண்டு விளக்கும் இருக்கும். மேற்குச் சுவரில் பகவதியின் இசக்கியம்மன் படம் தொங்கும். கல்யாணமாகி முப்பது வருடமாக அந்த அறையைப் பற்றி இவள் வாய் திறக்க மாட்டாள், இந்தச் சுவரைப் பற்றி அவர் வாய் திறக்க மாட்டார். கிழக்குக்கும் மேற்குக்கும் பொதுவாக நடமாடியது தாசில்தார் மட்டும்தான். அண்ணாச்சி கண்ணாடியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு எழுந்ததும், அவன் போய் அதில் தெரிகிற சேவலோடு ஒரு பாடு சண்டை போட்டுவிட்டு வருவான்.

வேண்டாம் என்று மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எப்படிச் சொல்வது? அவள் நேர்ந்தது அவர் உயிருக்கு. அந்த நேர்ச்சை வேண்டாம் என்றால், நீ எனக்காகத் துடித்ததெல்லாம் வீண் என்றுதானே அர்த்தம்? பாவம், மனிதர் வாயை மூடிக்கொண்டு, நாள்காட்டியில் செவ்வாய்க்கிழமையை மட்டும் பார்க்காமல் சுற்றிவந்தார்.

வியாழக்கிழமை காலை. பகவதி முற்றத்தில் குனிந்து கோழிக்குக் குருணை போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏழுகல் மூக்குத்தி. கல்யாணத்தன்று குத்தியது. திருகாணி இரண்டு நாளாகத் தளர்ந்து கிடந்தது. வெயில் சாய்ந்து விழுந்து ஏழு கல்லும் ஒன்றாக மினுங்கின. தாசில்தார் தலையை ஒருபக்கம் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தான். அப்புறம் ஒரே கொத்து.

“ஐயோ, எம் மூக்கு!”

மூக்கு இருந்தது. மூக்குத்தி இல்லை. தாசில்தார் கழுத்தை ஒரு நீட்டு நீட்டி, ஒரு குறுக்கு குறுக்கி, விழுங்கி முடித்துவிட்டு, மறுபடியும் குருணையைப் பொறுக்கத் தொடங்கினான்.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டு அஜிதா மதிலைத் தாண்டிச் சாடி வந்தாள். பகவதியை அத்தை என்று கூப்பிடுகிற பெண். நாக்கில் ஏழரை, மனதில் ஒன்றுமில்லை.

“அத்தை, ரெத்தம் வருகு! யாரு அடிச்சா, மாமாவா?”

“ஏட்டி, அவரு அடிக்க ஆளா? இந்தச் சவம் எம் மூக்குத்தியத் தின்னுட்டு!”

“பின்ன என்ன நோக்கிட்டு நிக்கேய? புடிச்சு அறுங்க. குழம்புக்குக் குழம்பும் ஆச்சு, மூக்குத்திக்கு மூக்குத்தியும் ஆச்சு. நான் தேங்கா திருவுகேன்.”

“நேர்ந்து விட்ட கோழிலா, மோளே? வீட்டுல வச்சு அறுக்கப்பிடாது.”

வாசலில் நின்ற அண்ணாச்சிக்கு உள்ளூர ஒரு நிம்மதி. செவ்வாய்க்கிழமை வரைக்குமாவது சட்டம் காப்பாற்றும். ஆனால் பகவதியும் விடவில்லை. “செரி, அஞ்சு நாளு போகட்டும். கொடைக்கு அறுக்கும்போ எடுத்துக்கிடுகேன்” என்றாள்.

எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று முருகதாஸை வரச் சொன்னார்கள். முருகதாஸ் அந்த அம்மனின் கோமரத்தாடி. கொடை அன்று அம்மன் இறங்கி ஆடுவது இவன்மேல்தான். மற்ற நாட்களில் காலையில் கோவில் பூசையை முடித்துவிட்டு, தண்ணீர் மோட்டார் பழுதுபார்ப்பான். கையில் கிரீசோடு வந்து, கதையைக் கேட்டு, தாடியைச் சொறிந்து, நீதி சொன்னான்.

“மைனி, ஒண்ணு சொன்னா கோவப்படப்பிடாது. கோழிய அம்மனுக்கு நேர்ந்தாச்சு. அப்போ கோழிக்குள்ள போனதும் அம்மனுக்குத்தான். அறுக்கும்போ கெடைக்க மூக்குத்திய உண்டியல்ல போட்டிரணும். அதாக்கும் மொறை.”

“எந்த ஊரு மொறைவே அது?” என்றாள் பகவதி. “அப்போ அது முந்தாநாளு தின்ன பழஞ்சோறும் அம்மனுக்கா?”

“பழஞ்சோத்த அம்மன் கேக்க மாட்டா. இது தங்கம்லா.”

அவன் போனபிறகு பகவதி திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். மூக்கில் மஞ்சள் பூசிய பஞ்சு. அண்ணாச்சி பக்கத்தில் வந்து நின்றார்.

“பகவதி, அம்மன்கிட்ட போறதுக்கு முன்ன எடுத்தா நம்மளது. போனபெறவு எடுத்தா அவளது. அப்படித்தானே அவன் சொன்னது? மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போவமா? அறுக்காம எடுக்க வழி இருக்கும்.”

அவர் இத்தனை பேசி அவள் பார்த்தே ஒரு வாரம் ஆகியிருந்தது. ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சேலையை மாற்றப் போனாள்.

அஜிதா கூடவே ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். யாரும் கூப்பிடவில்லை.

நாகர்கோவில் மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் ஒரு சின்னப் பெண். பெயர் ஜாஸ்மி. கழுத்தைத் தடவிப் பார்த்து, எக்ஸ்ரே படம் எடுக்கச் சொல்லி, படத்தைக் கம்ப்யூட்டரில் காட்டினாள். தாசில்தாரின் உள்ளே ஒரு திருவிழாக் கடையே இருந்தது.

“கோழிக்குப் பல்லு கெடையாதும்மா,” என்றாள் டாக்டர். “சின்னச் சின்னக் கல்லப் பொறுக்கி முழுங்கி, உள் வயித்துல வச்சு அதாலதான் இரைய அரைக்கும். மினுங்குறது எது கண்டாலும் நல்ல கல்லுன்னு நெனச்சிரும். இந்தா உள் வயித்துல கெடக்குல்லா, பாசிமணி, கொலுசு முத்து, இது ஒரு திருகாணி...”

அஜிதா கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டே போனாள். “டாக்டர், அந்தத் திருகாணிய கொஞ்சம் பெருசாக்குங்க.”

பெரிதாக்கினார்கள்.

“அய்யோ, இது எனக்குள்ளது! பூ மாதிரி வெட்டு இருக்கு பாத்தேளா? இத எங்க மாமியாரு எடுத்துட்டாவன்னு ரெண்டு மாசமா நான் அவிய மொகத்துல முழிக்கல்ல.” சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “அத்தை, இத வீட்டுல சொல்லிராதீங்க.”

“இனி அது கோழிக்கப் பல்லு” என்றாள் டாக்டர். “உள் வயித்துலேந்து எடுக்க மாட்டேன். ஆனா மூக்குத்தி இன்னும் கழுத்துப் பையிலதான் இருக்கு. நாளைக்கு அதுவும் உள்ள எறங்கிரும். இப்பவே செஞ்சா, பைய லேசாக் கீறி எடுத்துட்டு நாலு தையல் போட்டா தீந்துது. கோழிக்கு ஒண்ணும் ஆகாது.”

“தழும்பு கெடக்குமா?” என்றாள் பகவதி.

“கெடக்கும்.”

அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருந்தது. தழும்பு குறை. குறையுள்ள கோழியை அம்மன் ஏற்க மாட்டாள். மூக்குத்தி வேண்டுமென்றால் நேர்ச்சை போகும். நேர்ச்சை வேண்டுமென்றால் மூக்குத்தி போகும். டாக்டர் கையெழுத்துப் போட ஒரு தாளைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பகவதி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணாச்சி சுவரில் ஒட்டியிருந்த ஆட்டுக் குடல்புழு படத்தை, பரீட்சைக்குப் படிக்கிறவர்போல் படித்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு இப்போ சந்தோசம்தானே?”

“எதுக்கு?”

“நடிக்காதீங்க. ஒரு வாரமா நீங்க சோத்துல பாதிய இதுக்குப் போட்டுட்டு, மீதிய உருட்டிட்டு இருக்கது எனக்குத் தெரியாதா? வாயத் தொறந்து சொல்லுங்க. இது சாகப்பிடாது, அதானே?”

அண்ணாச்சி புழுவை விட்டுவிட்டுத் திரும்பினார்.

“ஆமா. சாகப்பிடாது. நீ எனக்க உயிருக்கு நேர்ந்த. அத நான் கொறச்சுச் சொல்லல்ல. ஆனா இதுக்க உயிர எடுத்து எனக்கு வைக்கதுக்கு, நீ இதுட்ட கேட்டியா?”

“உங்ககிட்டயும்தான் கேக்கல்ல!” என்றாள் பகவதி. குரல் உடைந்துவிட்டது. “அந்தக் கதவுக்கு வெளிய நான் ஒத்தைக்கு நின்னேன். யாருட்ட கேக்க? ஆடுன்னு வாயில வந்திருந்தா ஆடு. சேவல்னு வந்துட்டு. இப்போ நேர்ச்சைய முடிக்காம விட்டு, நாளைக்கு உங்களுக்கு மறுபடியும் வலிச்சா நான் என்ன செய்ய?”

அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பெட்டிக்குள்ளிருந்து தாசில்தார் தலையை நீட்டி அவள் வளையலை நோட்டம் விட்டான்.

“வலிச்சா தேங்கா நேர்ந்துக்க” என்றார் மெதுவாக. “தேங்காய யாரும் மடியில வச்சு வளக்கல்ல.”

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்ததில் மூக்குப் பஞ்சு கீழே விழுந்தது. அதையும் தாசில்தார் கொத்தப் பார்த்தான்.

“சவமே!” என்று அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, தாளில் கையெழுத்துப் போட்டாள். “அம்மனும் பொம்பளதானே. நான் பேசிக்கிடுகேன்.”

அரைமணி நேரத்தில் மூக்குத்தி வெளியே வந்தது. தாசில்தார் நாலு தையலும் நீலக் கட்டுமாக, தொண்டை கட்டிய பாகவதர்போல் கம்பீரமாக வந்தான். இனி பயமில்லை என்று நினைத்தார் அண்ணாச்சி. அம்மன் இன்னும் வாய் திறக்கவில்லை என்பதை மறந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானக் கொடை. மேளம் உச்சத்தில் இருந்தது. முருகதாஸ் சிவப்புக் கச்சையும் சலங்கையும் கட்டி, வேப்பிலையோடு அம்மனாகி ஆடி வந்தான். நேராகப் பகவதியின் முன்னால் வந்து நின்றான். சேவல் பெட்டி அவள் இடுப்பில் இருந்தது. மூக்கில் ஏழு கல்லும் மினுங்கின.

“ஏய்! எனக்குள்ளது எங்கட்டி?”

“இந்தா இருக்கான், தாயே. ஆனா கழுத்துல நாலு தையல் இருக்கு.”

“குறைய உண்டாக்கியா கொண்டாந்த?”

“குறைய உண்டாக்குனது நானா?” பகவதி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். மேளக்காரர்கள் பார்த்தார்கள், இது கேட்க வேண்டியது என்று தோன்றியதோ என்னவோ, அடியை நிறுத்திவிட்டார்கள். “உனக்க ஆளு ஒருத்தன் வந்து, கோழிக்குள்ள போனது எல்லாம் உனக்குன்னு சொல்லிட்டான். நீயா கேட்ட? முப்பது வருசமா உனக்கு நான் பொங்கல் வைக்கேன், ஒரு நாளு எம் மூக்கப் பாத்து நீ ஆசப்பட்டிருக்கியா? அவன் வாய நீ அடக்கியிருந்தா நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க மாட்டேன். இப்போ சொல்லு, குறை ஆருக்கு?”

கூட்டத்தில் அஜிதாதான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும். அம்மன் முழித்தாள். அம்மனுக்குக் கோபம் வந்ததா, முருகதாஸுக்குக் கோபம் வந்ததா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. சலங்கை ஒரு தரம் குலுங்கியது.

“குறையுள்ள ரெத்தம் எனக்கு வேண்டாம்!”

அண்ணாச்சிக்கு உயிர் வந்தது.

“ஆனா நேர்ந்து விட்டதத் திரும்பக் கொண்டு போகவும் பிடாது. உயிரோட என் நடையில விட்டுட்டுப் போ!”

வந்த உயிர் பாதி வழியில் நின்றுவிட்டது. அதற்கு மறுப்புச் சொல்ல வழியில்லை. உயிரோடு விடச் சொல்லியாகிவிட்டது, இதற்கு மேல் என்ன கேட்பது? பகவதி திறந்துவிட்டாள். தாசில்தார் புளியமரத்து மூட்டில் இறங்கி, இரண்டு முறை சிறகை அடித்து, பந்தலைப் பார்வையிட்டான். அண்ணாச்சி திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அடுத்த மூன்று நாளும் அண்ணாச்சி கடைக்கு நடந்தே போனார். கேட்டால், டாக்டர் நடக்கச் சொன்னார் என்றார். கடையில் சிந்தின மணியை அவரே பெருக்கி எடுத்தார். பகவதி அவர் சாப்பிடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தாள். பாதிச் சோறு இலையில் அப்படியே இருந்தது. “கோவிலுக்குப் போய் ஒரு எட்டுப் பாத்துட்டு வாங்களேன்” என்றாள் வெள்ளிக்கிழமை. “அது அம்மனுக்கக் கோழி. எனக்கு அங்க என்ன சோலி?” என்றார் அவர். கண்ணில் கொஞ்சம் தண்ணீர். கத்திரிக்காய் காரம் என்று சொல்லிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை, முருகதாஸின் பைக் வாசலில் வந்து நின்றது. பின்னால் மோட்டார் வந்த அட்டைப்பெட்டி, பக்கமெல்லாம் ஓட்டை. முகத்தில் அருளும் இல்லை, கிரீசும் இல்லை.

“அண்ணாச்சி, அந்த டாக்டருக்கு நம்பர் வேணும்.”

“எதுக்குவே?”

முருகதாஸ் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். “அம்மனுக்கு ஒத்தக் கண்ணாயிப் போச்சு.”

“என்னது?”

“வெள்ளிக் கண்ணு ஒட்டியிருக்கம்லா, அதுல எடது கண்ண, பெட்டியில இருக்க இந்தக் காலமாடன் பிச்சு முழுங்கிட்டான். அபிசேகத்துக்கு நான் தண்ணி எடுக்கப் போன நேரம். அரை மணிக்கூறு ஆச்சு. நாளைக்கு ஊர்க்கூட்டம் இருக்கு. பூசைக்காரன் நான்தான் பதில் சொல்லணும்.”

பகவதி ஈரக் கையோடு வெளியே வந்தாள். “அதுக்கென்ன இப்போ? அம்மனுக்குள்ள கோழி, அம்மனுக்குள்ள கண்ணு. எங்க இருந்தா என்ன?”

“மைனி, கொல்லாதீங்க.”

“அறுத்து எடுக்க வேண்டியதுதானே?”

“அம்மனே உயிரோட விடச் சொன்னால்லா? ஊரே கேட்டு. எப்படி அறுக்க? ஆஸ்பத்திரிக்கு என்கூட வாங்க அண்ணாச்சி. உங்க கையிலதான் அது அடங்கி இருக்கும். எனக்க வெரலப் பாருங்க.” விரல்களில் மூன்று கட்டு.

அண்ணாச்சி சட்டையைப் போட்டுக்கொண்டே வெளியே வந்திருந்தார். பொத்தான் மேலே ஒன்று, கீழே ஒன்று மாறி விழுந்திருந்தது. ஆனால் குரலை மட்டும் நிதானமாக வைத்துக்கொண்டார்.

“வாறேன். கண்ண எடுத்தபெறவு கோழி எங்க இருக்கும்?”

“உங்க வீட்டுலதான். பின்ன எங்க? அம்மன் சொல்லியாச்சு.”

“எப்ப சொன்னா?” என்றாள் பகவதி.

“இப்பத்தான் மைனி. வாற வழியில.”

“மேளம் இல்லாமலா?”

“அவசரம்லா.”

பகவதி சிரிப்பை அடக்கிக்கொண்டு, அண்ணாச்சியின் பொத்தான்களைக் கழற்றி ஒழுங்காகப் போட்டுவிட்டாள். “போயிட்டு வாங்க. வரும்போ நல்ல குருணையா பாத்து வாங்கிட்டு வாங்க” என்றாள்.

பெட்டியைத் திறந்ததும் தாசில்தார் ஒருவரையும் கவனிக்காமல் நேராகப் போய் ஸ்கூட்டரின் முன்பக்கம் ஏறி நின்றான். அண்ணாச்சி வண்டியை எடுத்தார். பக்கத்தில் பைக்கைத் திருப்பிய முருகதாஸை அவன் ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தான். தலை ஒருபக்கம் சாய்ந்தது. முருகதாஸ் சட்டென்று கழுத்துச் சங்கிலியைச் சட்டைக்குள் தள்ளி, பொத்தானை மேல்வரைக்கும் மாட்டிக்கொண்டான்.